பங்கீடும் பகிர்வும்: கணினி, தொடர்பு வலைப்பின்னல்களில் வளப் பகிர்வு ஆய்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

தொலைபேசி, கணினி வலைப்பின்னல்களில் கம்பி, அலைவரிசை, நினைவகம் ஆகியவை பலருக்கும் பொதுவான வளங்களாகும். ஒரே வளத்தைப் பலர் ஒரே நேரத்தில் நாடும்போது யார் பெறுவது, யார் காத்திருப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்பதே வளப் பகிர்வு ஆய்வின் அடிப்படை வினா. எர்லாங்கின் தொலைபேசிக் கணக்கு, அர்ப்பாநெட்டின் பொதிமுறை, ஹவாயின் அலோகா வலைப்பின்னல், ஈதர்நெட், 1986ஆம் ஆண்டின் இணைய நெரிசலுக்குப் பின் உருவான கட்டுப்பாட்டு முறைகள் ஆகியவற்றின் வழியாக அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது. பகிர்வு சிக்கனத்தைத் தருவதோடு மிகைத்திறனையும் குறைத்துவிடுகிறது என்பதும், ஒவ்வொரு பகிர்வு நெறிமுறையும் தனக்குள் ஒரு நியாயக் கோட்பாட்டைக் கொண்டுள்ளது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வளப் பகிர்வு, பொதிமுறை, மோதல், நெரிசல், விட்டுக்கொடுத்தல், நியாயப் பகிர்வு.

முன்னுரை

ஒரு வீட்டிலிருந்து அனுப்பப்படும் செய்தி மற்றொரு நாட்டைச் சென்றடையும் வழியில், அதற்கெனத் தனியாக ஒதுக்கப்பட்ட கம்பி என்று எதுவும் இல்லை. அது செல்லும் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பின் அறியாத பல்லாயிரம் பேரின் செய்திகள் உடன் செல்கின்றன. இவர்களுக்கிடையே உடன்படிக்கை ஏதும் இல்லை. அனைவரையும் கண்காணிக்கும் மேற்பார்வையாளரும் இல்லை. இருப்பினும் பெரும்பாலான வேளைகளில் வலைப்பின்னல் சீராக இயங்குகிறது. இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்ற ஆய்வுகளின் பயனாகவும், சில பெருந்தடங்கல்கள் கற்பித்த பாடங்களின் பயனாகவும் உருவானது. அவ்வாய்வுகளை அவை எழுப்பிய சிக்கல்களின் வரிசையில் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பங்கீடு, பகிர்வு: கருத்து வேறுபாடு

பொதுவான வளத்தைப் பலருக்கு உரியதாக்க இருவழிகள் உள்ளன. முதல் வழியில், வளம் முன்கூட்டியே கூறுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு வழங்கப்படுகிறது. அக்கூறு பயன்படாமல் கிடந்தாலும் பிறர் அதைத் தொட இயலாது. இரண்டாம் வழியில், வளம் பிரிக்கப்படாமல் பொதுவில் வைக்கப்படுகிறது. தேவைப்படுவோர் தேவைப்படும்போது எடுத்துக்கொண்டு, முடிந்ததும் விட்டுவிடுகின்றனர். இக்கட்டுரையில் முதல்வழி 'பங்கீடு' என்றும் இரண்டாம்வழி 'பகிர்வு' என்றும் குறிக்கப்படுகின்றன.

வானொலி நிலையங்களுக்குத் தனித்தனி அலைவரிசை ஒதுக்கப்படுவது பங்கீட்டுக்கு எடுத்துக்காட்டு. நிலையம் நாள் முழுவதும் ஒலிபரப்புவதால் அங்கு அம்முறை பொருத்தமானது. கணினிகளின் தொடர்போ அவ்வாறு அமைவதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும் நொடியில் மிகுதியான தரவு தேவைப்படுகிறது; அதைப் படிக்கும் சில நிமிடங்களுக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. இவ்வாறு விட்டுவிட்டு எழும் தேவைக்கு நிலையான பங்கை ஒதுக்கினால், அப்பங்கு பெரும்பகுதி நேரம் வெறுமையாகவே கிடக்கும். அனைவருடைய தேவையும் ஒரே கணத்தில் எழுவது அரிது என்னும் நிகழ்தகவு உண்மையே பகிர்வின் அடிப்படையாகும்.

2. எர்லாங்கின் கணக்கு: மறுத்தல்

இவ்வுண்மையை முதன்முதலில் கணிதமாக்கியவர்களுள் தலையாயவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங் (1878–1929). கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1909இல் தொலைபேசி உரையாடல்களின் நிகழ்தகவு குறித்த கட்டுரையையும், 1917இல் இன்றும் பயன்பாட்டிலுள்ள இழப்பு வாய்பாட்டையும் வெளியிட்டார். அழைப்போர் பலராகவும் கம்பிகள் சிலவாகவும் இருக்கையில், எத்தனை கம்பிகள் இருந்தால் மறுக்கப்படும் அழைப்புகள் ஓர் எல்லைக்குள் நிற்கும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். தொலைபேசிச் சுமையை அளக்கும் அலகு பின்னர் அவர் பெயராலேயே 'எர்லாங்' எனப்பட்டது. ஒரு மணிநேரத்தில் மூன்று நிமிட அழைப்புகள் இருபது வந்தால், ஒரு கம்பியை முழுநேரமும் நிரப்பும் அந்தச் சுமை 1 எர்லாங் ஆகும்.

பத்து அலுவலகங்கள் ஒவ்வொன்றும் 1 எர்லாங் சுமையை உண்டாக்குவதாகக் கொள்வோம். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் அழைப்புகள் மறுக்கப்படக் கூடாது என்பது நிபந்தனை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனிக்கம்பிகள் வழங்கினால், எர்லாங் வாய்பாட்டின்படி அலுவலகம் ஒன்றுக்கு 5 கம்பிகள் வீதம் 50 கம்பிகள் வேண்டும். பத்து அலுவலகங்களும் ஒரே தொகுதியைப் பகிர்ந்துகொண்டால் 18 கம்பிகளே போதும். சேவையின் தரம் குறையவில்லை. கம்பிகளோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. பகிர்வின் சிக்கனத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கணக்குக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஏதேனும் ஒரு காரணத்தால் எல்லா அலுவலகங்களின் சுமையும் ஒன்றரை மடங்காக உயர்வதாகக் கொள்வோம். தனிக்கம்பி முறையில் மறுக்கப்படும் அழைப்புகள் நூற்றுக்கு 1.4 என்ற அளவிலேயே நிற்கும். பகிர்வு முறையிலோ அது நூற்றுக்கு 8.6 ஆகிவிடும். தனிக்கம்பி முறையில் வீணாகக் கிடப்பதாகத் தோன்றிய 32 கம்பிகளும் உண்மையில் நெருக்கடிக்காலக் கையிருப்பாக இருந்திருக்கின்றன. பகிர்வு அக்கையிருப்பைச் செலவிட்டே சிக்கனத்தை ஈட்டுகிறது. எனவே, பகிர்வு முறையை ஏற்பவர்கள் சுமை மிகும்போது என்ன செய்வது என்னும் விதியையும் உடன் வகுத்தாக வேண்டும். தொலைபேசி அமைப்பின் விதி எளியது: இடம் உள்ளவரை ஏற்றுக்கொள், இல்லையேல் மறுத்துவிடு. பின்வந்த வலைப்பின்னல்கள் வேறு விதிகளை நாடின.

3. அர்ப்பாநெட்: காத்திருத்தல்

1960களில் கணினி மிக விலையுயர்ந்த பொருளாக இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயராய்வு முகமையான அர்ப்பா, பல பல்கலைக்கழகங்களுக்குக் கணினி வாங்க நிதி வழங்கியது. ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் தனக்கென ஒரு பெருங்கணினியைக் கேட்டது. ஓரிடத்திலுள்ள கணினியைப் பிற இடங்களிலுள்ளோரும் பயன்படுத்த முடிந்தால் இச்செலவு குறையும் என்பது அர்ப்பாநெட் திட்டத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. லாரன்ஸ் ராபர்ட்ஸ், பாரி வெஸ்லர் ஆகியோர் 1970இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே வளப் பகிர்வை எய்துவதற்கான கணினி வலைப்பின்னல் உருவாக்கம் என்னும் பொருளில் அமைந்தது.

அவ்வலைப்பின்னலின் முதற்செய்தி 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் சான்டா பார்பரா, யூட்டா ஆகிய பல்கலைக்கழகங்களும் இணைந்தன. கணினிகளைப் பகிர்வதற்கு முன் அவற்றை இணைக்கும் கம்பிகளையே பகிர வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது பொதிமுறை. அமெரிக்காவில் பால் பேரன், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவரும் 1960களில் தனித்தனியே இம்முறையை முன்வைத்தனர். நீண்ட செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் சேருமிட முகவரியைத் தாங்கிச் செல்கிறது. இடைவழியிலுள்ள கணுக்கள் அவற்றை வாங்கி, வரிசையில் வைத்து, கம்பி ஓய்ந்ததும் அடுத்த கணுவுக்கு அனுப்புகின்றன. தொலைபேசி அமைப்பின் 'மறுத்தல்' இங்கே 'காத்திருத்தல்' ஆகிறது.

காத்திருத்தலின் கணிதத்தை வலைப்பின்னல்களுக்குப் பொருத்திக்காட்டியவர்களுள் லியோனார்டு கிளைன்ராக் முக்கியமானவர். பொதிகள் தற்செயலாக வருவதாகவும் அவற்றின் நீளம் அடுக்குக்குறிப் பரவலில் அமைவதாகவும் கொண்டால், இரு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒரு கம்பியைப் பத்துச் சமபங்குகளாக்கிப் பத்துப் பேருக்கு வழங்குவதைவிட, பிரிக்காமல் பத்துப் பேரும் பகிர்ந்தால் சராசரித் தாமதம் பத்தில் ஒரு பங்காகிறது. இரண்டாவது, கம்பியின் பயன்பாடு முழுமையை நெருங்க நெருங்கத் தாமதம் எல்லையின்றி வளர்கிறது. அர்ப்பாநெட்டின் கம்பிகள் நொடிக்கு 50 கிலோபிட் திறன் கொண்டவை. 1000 பிட் கொண்ட ஒரு பொதியை அனுப்ப 20 மில்லிநொடி தேவை. கம்பி பாதியளவு நிறைந்திருந்தால் காத்திருப்பையும் சேர்த்த சராசரித் தாமதம் 40 மில்லிநொடி. 90 விழுக்காடு நிறைந்திருந்தால் 200 மில்லிநொடி. 99 விழுக்காடு நிறைந்திருந்தால் 2 நொடி. வளத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்னும் விருப்பமும் விரைவாகச் சேவை பெற வேண்டும் என்னும் விருப்பமும் ஒன்றையொன்று தடுப்பவை என்பது இக்கணக்கால் பெறப்படுகிறது.

4. அலோகா: மோதுதல்

கம்பிவழித் தொடர்பில் ஒவ்வொரு கணுவும் தன் வரிசையைத் தானே ஒழுங்குபடுத்த முடியும். காற்றில் செல்லும் வானொலி அலைக்கு அத்தகைய வாயிற்காவல் இல்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் உருவாகி 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிய அலோகா வலைப்பின்னல் இச்சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. ஹவாயின் மையக் கணினியைத் தொலைவிலுள்ளோர் வானொலி வழியாக அணுகுவதே அதன் நோக்கம். மையத்திலிருந்த செய்திக் கணினிக்கு ஹவாய்த் தொன்மக் கதைகளில் வரும் சிற்றுருவ மக்களின் பெயரால் 'மெனெஹூனே' என்று பெயரிட்டனர்.

மையத்தை நோக்கிச் செல்லும் அலைவரிசை ஒன்றே. அதை யார், எப்போது பயன்படுத்துவது என்பதற்கு ஆப்ராம்சன் வகுத்த விதி வியப்பளிக்கும் எளிமை கொண்டது. அனுப்ப வேண்டியதை வேண்டியபோது எவரும் அனுப்பலாம். மையத்திலிருந்து ஒப்புகை வந்தால் பணி முடிந்தது. வராவிட்டால் வேறொரு பொதியுடன் மோதிவிட்டது என்று கொண்டு, தற்செயலாகத் தேர்ந்த கால அளவுக்குப் பின் மீண்டும் அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதிக்கொள்வர் என்பதால் தற்செயல் இங்கு இன்றியமையாததாகிறது.

இவ்வெளிமைக்குரிய விலை பெரிது. இம்முறையில் அலைவரிசையின் திறனில் மிகுதியாகப் பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 18.4 விழுக்காடே. அந்த உச்சநிலையிலும் அனுப்பப்படும் பொதிகளில் ஏறக்குறைய 63 விழுக்காடு மோதலில் அழிகின்றன. 1972இல் ராபர்ட்ஸ், காலத்தைச் சம அளவுள்ள துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார். இதனால் பயன்பாட்டின் உச்சம் இருமடங்காகி 36.8 விழுக்காட்டை எட்டியது.

உச்ச அளவைக் காட்டிலும் கருதத்தக்கது உச்சத்துக்குப் பின் நிகழ்வது. முதல் அலோகா முறையில், ஒரு பொதியை அனுப்ப ஆகும் நேரத்துக்குள் சராசரியாக அரைப்பொதி வீதம் முயற்சிகள் எழும்போது உச்சம் கிட்டுகிறது. முயற்சிகள் ஒரு பொதி வீதமாகப் பெருகினால் பயன் 13.5 விழுக்காடாகவும், இரண்டு பொதி வீதமானால் 3.7 விழுக்காடாகவும் சரிகிறது. மோதல் மறுமுயற்சியை உண்டாக்குகிறது. மறுமுயற்சி மேலும் மோதலை உண்டாக்குகிறது. ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் சரியாகவே நடந்தும் அனைவரும் இழக்கும் நிலை இது. எர்லாங்கின் கணக்கில் மறைவாக இருந்த நெருக்கடி இங்கு வெளிப்படையாகிறது.

5. ஈதர்நெட்டும் வைஃபையும்: செவிமடுத்தல்

அலோகாவின் இக்குறையை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஈதர்நெட்டை முன்மொழிந்தார். டேவிட் பாக்ஸுடன் இணைந்து அவர் உருவாக்கிய முதல் அமைப்பு நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. அதன் விளக்கக் கட்டுரை 1976இல் வெளிவந்தது. அலோகாவின் விதியுடன் ஈதர்நெட் மூன்று ஒழுக்கங்களைச் சேர்த்தது. பேசுமுன் கேட்க வேண்டும். வேறொருவர் பேசினால் காத்திருக்க வேண்டும். பேசும்போதும் கேட்க வேண்டும். மோதல் தென்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். மோதல் தொடர்ந்தால், ஒவ்வொரு முறையும் காத்திருப்பின் எல்லையை இருமடங்காக்க வேண்டும். பின்னர்த் தரப்படுத்தப்பட்ட நொடிக்கு 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இவ்வெல்லை 51.2 மைக்ரோநொடி அலகில் 1023 வரை உயரும். 16 முயற்சிகளும் தோற்றால் பொதி கைவிடப்படும்.

மூன்றாம் ஒழுக்கம் ஆழமான கருத்தைக் கொண்டது. எத்தனை பேர் போட்டியிடுகின்றனர் என்பதை எந்தக் கணினியும் அறியாது. ஆயினும், தான் சந்திக்கும் மோதல்களின் எண்ணிக்கையிலிருந்து நெரிசலை ஊகித்துத் தன் விருப்பத்தைச் சுருக்கிக்கொள்கிறது. மேற்பார்வையாளர் இன்றியே கூட்டொழுங்கு உருவாகும் வழி இது.

ஆயினும் இவ்விதி நடுநிலை தவறும் இடமும் உண்டு. இரு கணினிகள் மோதி ஒன்று வென்றால், வென்றதன் மோதற்கணக்கு சுழியாகிவிடுகிறது. தோற்றதன் கணக்கோ உயர்ந்தே இருக்கிறது. அடுத்த பொதிக்காக இரண்டும் மீண்டும் மோதினால், வென்றது குறைவாகக் காத்திருக்க, தோற்றது நெடிது காத்திருக்கிறது. இதனால் வென்றதே தொடர்ந்து வெல்லும் போக்கு ஏற்படுகிறது. மொத்தப் பயனை மட்டும் அளக்கும் ஆய்வில் இக்குறை தென்படாது. ஒவ்வொருவருக்கும் கிடைத்ததைத் தனித்தனியே அளந்தால்தான் புலப்படும்.

1997இல் தரப்படுத்தப்பட்ட வைஃபை, மோதலைக் கண்டறிவதற்கு மாறாகத் தவிர்க்க முயலும் முறையைக் கொண்டது. அதிலும் நுட்பமான ஒரு நியாயச் சிக்கல் 2003ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. நிலையத்துக்கு அருகிலுள்ள கணினி நொடிக்கு 11 மெகாபிட் வேகத்திலும், தொலைவிலுள்ளது 1 மெகாபிட் வேகத்திலும் அனுப்புவதாகக் கொள்வோம். வைஃபை இருவருக்கும் சமமான எண்ணிக்கையில் வாய்ப்புகளை வழங்குகிறது. மெதுவான கணினி ஒரு பொதிக்கு எடுக்கும் நேரம் விரைவானதைப் போல் 11 மடங்கு. எனவே, பிற செலவுகளை நீக்கிக் கணக்கிட்டால் இருவருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.92 மெகாபிட்டே கிடைக்கும். வாய்ப்புக்கு மாறாக நேரத்தைச் சமமாகப் பகிர்ந்திருந்தால் ஒருவருக்கு 5.5 மெகாபிட்டும் மற்றவருக்கு 0.5 மெகாபிட்டும் கிடைத்திருக்கும். இரண்டு முறைகளும் 'சமம்' என்றே தம்மை அழைத்துக்கொள்ள முடியும். எதைச் சமமாக்குவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

6. 1986ஆம் ஆண்டின் நெரிசல்: தளர்ந்து கொடுத்தல்

அலோகாவில் காணப்பட்ட சரிவு இணையத்திலும் நேரலாம் என்று 1984 ஜனவரியில் ஜான் நேகிள் எச்சரித்து, அதை 'நெரிசல் வீழ்ச்சி' எனக் குறித்தார். 1986 அக்டோபரில் அது நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கெஜம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த தரவோட்டம் 40 பிட்டாக வீழ்ந்தது. இது 800இல் ஒரு பங்கு. கம்பிகள் அறுந்துவிடவில்லை, கணுக்கள் நின்றுவிடவில்லை. அனைத்தும் முழுவேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. வரிசைகள் நீண்டதால் ஒப்புகைகள் தாமதமாயின. தாமதத்தை இழப்பு என்று பிழையாகக் கொண்ட கணினிகள் அதே பொதிகளை மீண்டும் அனுப்பின. இவ்வாறு வலைப்பின்னல், முன்பே அனுப்பியவற்றின் படிகளைச் சுமப்பதிலேயே தன் திறனைச் செலவிட்டது.

இந்நிகழ்வை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு, வலைப்பின்னலின் நடுவிலுள்ள கணுக்களை மாற்றாமல் அதன் விளிம்பிலுள்ள கணினிகளின் நடத்தையை மாற்றியது. தொடர்பைத் தொடங்குகையில் சிறிதளவே அனுப்பி, ஒப்புகை வரவரப் பெருக்க வேண்டும். பழைய பொதி ஒன்று வெளியேறிய பின்னரே புதிய பொதியை உள்ளே விட வேண்டும். பொதி இழப்பைக் கம்பியின் பழுது என்று கருதாமல் நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் அளவைக் குறைக்க வேண்டும். ஏற்றுவது சிறிது சிறிதாகவும் குறைப்பது பாதிபாதியாகவும் அமைய வேண்டும்.

கூட்டி ஏற்றிப் பெருக்கிக் குறைக்கும் இவ்விதி ஏன் சமநிலையை நோக்கிச் செல்கிறது என்பதை டா-மிங் சியூ, ராஜ் ஜெயின் ஆகியோர் 1989இல் கணித முறையில் நிறுவினர். 100 அலகு திறனுள்ள இணைப்பில் ஒருவர் 80, மற்றவர் 20 எனப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். நெரிசல் எழுந்ததும் இருவரும் பாதியாகக் குறைத்தால் 40, 10 ஆகின்றன. பின்னர் இருவரும் ஒரே அளவில் ஏற்றினால் 65, 35 என்னும் நிலையில் இணைப்பு மீண்டும் நிறைகிறது. அடுத்த சுற்றில் 57.5, 42.5, அதற்கடுத்த சுற்றில் 53.75, 46.25. இடைவெளி 60, 30, 15, 7.5 எனச் சுற்றுக்குச் சுற்றுப் பாதியாகிறது. ஏற்றுவது, குறைப்பது இரண்டும் சமமான கூட்டலும் கழித்தலுமாக இருந்தால் இடைவெளி மாறாது. இரண்டும் பெருக்கலாக இருந்தால் விகிதம் மாறாது. மிகுதியாக வைத்திருப்பவர் மிகுதியாக விட்டுக்கொடுக்கவும் இருவரும் சமமாக வளரவும் வகைசெய்வதே இவ்விதியின் சிறப்பு.

இவ்விதி கட்டாயமன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தன் மென்பொருளைத் திருத்தி, குறைக்க மறுக்கும் ஒருவரைத் தடுக்க இணையத்தின் அடிப்படை அமைப்பில் வழியில்லை. பிறர் விட்டுக்கொடுத்த இடத்தை அவர் எடுத்துக்கொள்ள முடியும். பெரும்பாலோர் பயன்படுத்தும் இயக்குதளங்களில் விட்டுக்கொடுக்கும் நெறிமுறை முன்கூட்டியே பொருத்தப்பட்டிருப்பதால்தான் ஒழுங்கு நிலைத்துவருகிறது.

7. நியாயத்தின் அளவுகோல்கள்

நம்பிக்கையை மட்டும் சார்ந்திராத வழியாக 1985இல் நேகிள் ஒரு கருத்தை முன்வைத்தார். திசைவியில் ஒரே பொதுவரிசைக்கு மாறாக ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனிவரிசை அமைத்து, முறைவைத்துச் சேவை செய்வது அதன் சாரம். ஆலன் டெமர்ஸ், கேஷவ், ஸ்காட் ஷெங்கர் ஆகியோர் 1989இல் பொதிகளின் நீள வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு இதை 'நியாய வரிசை' முறையாக வளர்த்தனர். இம்முறையில் பேராசைக்காரர் தம் வரிசையையே நிரப்பிக்கொள்கிறார். பிறர் பங்கைத் தொட இயலுவதில்லை.

இம்முறை நாடும் நிலைக்குச் 'சிறுமப் பெருக்க நியாயம்' என்று பெயரிடலாம். குறைவாகப் பெறுபவரின் பங்கை இயன்றவரை உயர்த்துவதே அதன் குறிக்கோள். 10 மெகாபிட் இணைப்பை மூவர் நாடுகின்றனர். அவர்களின் தேவை முறையே 2, 3, 8 மெகாபிட். சமபங்கு 3.33. முதலாமவருக்கு 2 போதும். எஞ்சிய 8ஐ இருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4. இரண்டாமவருக்கு 3 போதும். மூன்றாமவருக்கு 5 கிடைக்கிறது. சிறுதேவை முழுமையாக நிறைவேறுகிறது. பெருந்தேவை மிச்சத்தைப் பெறுகிறது.

பல இணைப்புகள் கொண்ட வலைப்பின்னலில் இதற்கு மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. ஒவ்வொன்றும் 1 அலகு திறனுள்ள இரு இணைப்புகள் தொடராக அமைந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு நெடும்பாய்வு இரண்டையும் கடக்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு குறும்பாய்வு உள்ளது. மொத்தப் பயனை மட்டும் பெருக்க விரும்பினால் குறும்பாய்வுகளுக்கு 1 வீதம் கொடுத்து நெடும்பாய்வை முற்றாக விலக்க வேண்டும், மொத்தம் 2. சிறுமப் பெருக்க முறையில் மூன்றுக்கும் அரைவீதம், மொத்தம் 1.5. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் கெல்லி 1997இல் முன்வைத்த 'விகித நியாயம்' இடைப்பட்ட வழியைக் காட்டுகிறது. நெடும்பாய்வு இரு வளங்களைச் செலவிடுவதால் அதற்கு மூன்றில் ஒரு பங்கும், குறும்பாய்வுகளுக்கு மூன்றில் இரு பங்கு வீதமும் கிடைக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 1.67. இது ஜான் நாஷ் 1950இல் பேரம்பேசுதலுக்குக் கண்ட தீர்வுடன் ஒத்துப்போகிறது. பொறியியல் சிக்கலாகத் தொடங்கியது பொருளியல் சிக்கலாகவும் அறவியல் சிக்கலாகவும் விரிவதை இங்குக் காணலாம்.

8. யாருக்குச் சமம்?

மேற்கண்ட அளவுகோல்கள் யாவும் 'பாய்வு' என்னும் அலகைச் சமமாக்க முனைகின்றன. பாய்வு என்பது இரு கணினிகளுக்கிடையிலான ஒரு தொடர்பு. ஒருவர் ஒரே நேரத்தில் ஆறு தொடர்புகளைத் திறந்தால், ஒரு தொடர்புடன் நிற்பவரைப் போல் ஆறு மடங்கு பெற முடியும். அருகிலுள்ள இடத்துடன் தொடர்புகொள்பவருக்கு ஒப்புகை விரைவில் வருவதால் அவர் தம் வேகத்தை விரைவில் ஏற்றிக்கொள்கிறார். தொலைநாட்டுடன் தொடர்புகொள்பவர் பின்தங்குகிறார். 2007இல் பாப் பிரிஸ்கோ, பாய்வுகளுக்கிடையிலான சமத்துவம் மனிதர்களுக்கிடையிலான சமத்துவம் ஆகாது என்று கடுமையாக வாதிட்டார். ஒருவர் எத்தனை பாய்வுகளை எவ்வளவு நேரம் நடத்துகிறார் என்பதையும், அதனால் பிறருக்கு நேரும் நெரிசல் எவ்வளவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 2016இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட பிபிஆர் நெறிமுறை, இழப்பை அடிப்படையாகக் கொண்ட பழைய நெறிமுறைகளுடன் ஒரே இணைப்பில் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது என்னும் வினாவும் இன்றுவரை ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

நெறிமுறைகளால் மட்டும் தீராத நிலையில் இவ்வினா பொதுமன்றத்துக்கே வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், பணியும் கல்வியும் வீடுகளிலிருந்து இணையம் வழியாக நடைபெறத் தொடங்கியபோது, ஐரோப்பிய ஆணையம் காணொளி நிறுவனங்களிடம் தரவளவைக் குறைக்க வேண்டுகோள் விடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் 30 நாள்களுக்குத் தன் காணொளிகளின் தரவு வீதத்தைக் குறைப்பதாகவும், அதனால் தன் தரவோட்டம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறையும் என்றும் அறிவித்தது. மிகுதியாக எடுப்பவர் முதலில் தளர வேண்டும் என்னும் 1988ஆம் ஆண்டின் விதியே இங்கு நிறுவனங்களுக்கிடையிலான வேண்டுகோளாக வடிவெடுத்தது.

முடிவுரை

வளப் பகிர்வு ஆய்வுகளின் போக்கிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பகிர்வு வளத்தைச் சிக்கனப்படுத்துகிறது. ஆனால் அச்சிக்கனம் நெருக்கடிக்கால மிகைத்திறனைக் குறைத்தே பெறப்படுகிறது. எர்லாங்கின் 18 கம்பிகளும், அலோகாவின் சரிவும், 1986ஆம் ஆண்டின் நெரிசலும் இதற்குச் சான்றுகள். இரண்டாவது, பொதுவளத்தைக் காப்பது விட்டுக்கொடுக்கும் விதியே. மறுத்தல், காத்திருத்தல், விலகிப் பின்வாங்குதல், பாதியாகக் குறைத்தல் என அவ்விதி பல வடிவங்கள் எடுத்திருக்கிறது. மூன்றாவது, எந்த விதியும் நியாயம் குறித்த ஒரு நிலைப்பாட்டைத் தன்னுள் கொண்டிருக்கிறது. வாய்ப்பா, நேரமா, பாய்வா, மனிதரா என எதைச் சமமாக்குவது என்பதை நெறிமுறையை வகுப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்லாதபோதும் தீர்மானித்துவிடுகின்றனர்.

ஆகவே, புதிய நெறிமுறை ஒன்றை மதிப்பிடுகையில் அது மொத்தத்தில் எவ்வளவு தரவைக் கடத்துகிறது என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. சுமை மிகும் வேளையில் அது யாரைக் காத்திருக்க வைக்கிறது என்பதையும் அளந்து கூறுவதே முழுமையான ஆய்வாக அமையும்.